நெல்லையில் இருந்தபடியே புல்லாங்குழல் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வாழ முடியுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 24 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னை அரசு இசைக் கல்லூரியில் புல்லாங்குழல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, தாயாரின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்பியிருக்கிறார். எட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் வகுப்பு எடுக்கிறார். கச்சேரி வாய்ப்பு எப்போதாவதுதான் வருகிறது. "வாசிப்பது, கற்பிப்பது இரண்டையும் வைத்துக்கொண்டு திருநெல்வேலிச் சீமையிலேயே தொழில்முறைக் கலைஞனாக நிலைக்க முடியுமா, அல்லது சென்னைக்கே திரும்ப வேண்டுமா? கற்பிக்கத் தொடங்கினால் கை கெட்டுவிடும் என்று சிலர் சொல்வது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார். உறவினர்கள் அரசு வேலைக்கு முயலச் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

பதில்: முடியும். ஆனால் முதல் சில ஆண்டுகளுக்குக் குடும்பச் செலவைத் தாங்கப்போவது வகுப்பு வருமானம்தான் என்பதை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கச்சேரிச் சன்மானம் மாதாமாதம் வருவதில்லை. நவராத்திரியில் நான்கு நிகழ்ச்சிகள் அமையும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றுகூட இராது. வகுப்புக் கட்டணத்தில் வீட்டை நடத்தி, கச்சேரியில் வருவதை நல்ல குழல்கள் வாங்கவும் குருவிடம் போய்வரவும் ஒதுக்குகிற கலைஞர், சன்மானம் குறைவு என்பதற்காக ஒரு நல்ல மேடையை விட்டுவிட வேண்டிய நிலைக்கு ஆளாவதில்லை.

கற்பித்தால் கை கெடும் என்ற பேச்சுக்குப் புல்லாங்குழல் வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரி 1904-இல், முப்பத்திரண்டு வயது அளவிலேயே மறைந்துவிட்டார். அந்தக் குறுகிய வாழ்நாளுக்குள் அவர் பல்லடம் சஞ்சீவராவ் போன்ற சீடரை உருவாக்கியிருக்காவிட்டால், அந்த வாசிப்பு அடுத்த தலைமுறைக்கு வந்தே சேர்ந்திராது. 1953-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, மேடைக் கலைஞராகவும் இசைக் கல்லூரி ஆசிரியராகவும் ஒருங்கே விளங்கினார். அவருடைய சீடர் டி. விஸ்வநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்துகொண்டே வாசித்தவர். தம் சகோதரி பாலசரஸ்வதியின் நாட்டியத்துக்கும் குழல் வாசித்திருக்கிறார். புல்லாங்குழல் மேதை மாலியின் சீடரான என். ரமணி உலகம் சுற்றிக் கச்சேரி செய்த காலத்திலும் ஏராளமான மாணவர்களுக்குக் கற்பித்தார். இவர்களில் எவருடைய வாசிப்பையும் ஆசிரியப் பணி குறைத்துவிடவில்லை. ஆயினும் அந்தப் பேச்சில் ஒரு சிறு உண்மை ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நம் மண்ணின் நிலவரத்தைப் பார்ப்போம். தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பாடங்கள் உள்ளன, புல்லாங்குழல் இல்லை. இதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். குழல் கற்க விரும்பும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் வழியில்லை என்பதால் அந்தப் பெற்றோர் தனி ஆசிரியரைத் தேடித்தான் ஆக வேண்டும். அதே சமயம் வயலினும் மிருதங்கமும் முடித்த இளைஞர்கள் ஆண்டுதோறும் அந்தப் பள்ளிகளிலிருந்து வெளியே வருகிறார்கள். வெளியூரிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை அழைத்தால் போக்குவரத்துச் செலவிலேயே சன்மானம் கரைந்துவிடும். ஆகவே உள்ளூரில் ஒரு வயலின், ஒரு மிருதங்கம், முடிந்தால் ஒரு கடம் என நிலையான ஒரு செட்டை அமைத்துக்கொண்டு, மேடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு நாள் சேர்ந்து வாசியுங்கள். நம் பகுதியில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் உறுதியாகின்றன, "நாளைக்கே வர முடியுமா?" என்று கேட்டால் முழு செட்டோடு வருகிறேன் என்று சொல்லக்கூடியவருக்கே அவை கிடைக்கின்றன.

எங்கே வாசிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஆடியிலும் சித்திரையிலும் ஊருக்கு ஊர் நடக்கும் கிராமக் கோவில் கொடை விழாக்கள் வில்லிசைக்கும் நையாண்டி மேளத்துக்கும் உரியவை. அங்கே குழலுக்கு இடம் தேடுவது வீண். கோவில்களின் நவராத்திரி, கந்தசஷ்டி, மார்கழி நிகழ்ச்சிகள், திருமண வரவேற்புகள், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் இன்னும் சங்கீதம் கேட்கப் பழகிய சபையினர், எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதருக்கு நடத்தப்படும் அஞ்சலி ஆகியவையே உங்களுக்குரிய மேடைகள். தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில்தான் மறைந்தார். நெல்லை காந்திமதி அம்மன் மீது அவர் பாடிய ஹேமவதி ராகக் கிருதி உங்கள் கைவசம் இருக்க வேண்டும்; சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துகளும் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ரசிகர், கடைசியில் தம் ஊர்ப் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போதுதான் அடுத்த ஆண்டுக்கு உங்களை நினைவு வைத்துக்கொள்கிறார்.

இவற்றைவிட நிலையான வருமானம் தரும் ஒன்றைப் பலர் தாழ்வாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்: பரதநாட்டிய அரங்கேற்றங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரத்தில் நாட்டியப் பள்ளிகள் பல உள்ளன. அரங்கேற்றத்துக்குக் குழல் வேண்டும் என்று கேட்காத ஆசிரியை அரிது. இதற்குத் தனித் தயாரிப்பு தேவை. கச்சேரியில் உங்கள் குழலின் சுருதிக்கு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாட்டியத்திலோ பாடுபவரின் சுருதிக்கு நீங்கள் சேர வேண்டும். பாடகி ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) ஒத்திகை பார்த்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று அன்று மாலை நாலரைக் கட்டைக்கு இறங்கிவிடலாம். எனவே நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டைக் குழல்களையும், ஆண் பாடகர்களுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலான நீளக் குழல்களையும் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதம் என்னும் மெதுவான பாடலில் அபிநயம் நீளும்போது பாட்டின் வரியையே திரும்பத் திரும்ப வாசிக்காமல், பாவத்தைக் கெடுக்காத சிறு சிறு ராகப் பிடிகளால், அதாவது சுரத்தொடர்களால், இடைவெளியை நிரப்பக் கற்பதே அங்கே உண்மையான வித்தை. அந்தப் பயிற்சி உங்கள் ஆலாபனையையும் செழிக்கச் செய்யும். எத்தனை ஒத்திகை, அதற்குத் தனிச் சன்மானம் உண்டா என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளும் முன்பே பேசிவிடுங்கள்.

வானொலிக் கலைஞராவதற்கான தேர்வை இனியும் தள்ளிப்போட வேண்டாம். திருநெல்வேலி வானொலி நிலையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. பி, பி-ஹை, ஏ, டாப் என்ற தர வரிசையில் பி கிடைத்தாலே கோவில் நிர்வாகமும் சபாக்களும் உங்களை வேறு கண்ணோடு பார்க்கும்; மாணவர்களின் பெற்றோருக்கும் அது புரிகிற தகுதி. ஒலிவாங்கி முன் வாசிக்கும்போது மூச்சிரைப்பும் விரல் ஓசையும் பெரிதாகக் கேட்கும் என்பதால், கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பழகிய பிறகு விண்ணப்பியுங்கள்.

இனி கற்பித்தல். கை கெடும் என்ற பேச்சில் உள்ள சிறு உண்மை இதுதான்: ஒரு மாலையில் நான்கு மணி நேரம், புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் தவறிய சுருதியைக் கேட்டுக்கொண்டும், அவர்களைத் தூக்கி நிறுத்த உடன் ஊதிக்கொண்டும் இருந்தால், உதடும் காதும் சோர்ந்துவிடும். அந்தச் சோர்வோடு இரவில் சாதகம் (தனிப் பயிற்சி) செய்தால் தவறே பழக்கமாகிவிடும். ஆகவே உங்கள் சாதகத்தை அதிகாலையில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் நாள் தொடங்க வேண்டும். வகுப்பில் தொடர்ந்து உடன் ஊதாதீர்கள். ஒரு பிடியை ஒரு முறை நன்றாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு வாயால் பாடி, கையால் தாளம் போட்டுத் திருத்துங்கள். சுரத்தைப் பாடத் தெரிந்த பிள்ளைக்குக் குழலில் அந்தச் சுரம் தானாகவே வந்து சேரும் என்பதால், இது உங்கள் உதட்டைக் காப்பாற்றுவதற்கான தந்திரம் மட்டுமல்ல, மாணவருக்கும் சிறந்த முறையாகும். கச்சேரிக்கு முந்தைய நாள் புதியவர்களின் வகுப்பை வைக்காமல், வர்ணம், கிருதி வாசிக்கும் மாணவர்களை மட்டும் வரச்சொல்லுங்கள்.

புதிய மாணவர் ஒருவரின் முதல் மூன்று மாதம் எப்படிப் போகிறது என்பதில்தான் அவர் நிலைப்பாரா, நின்றுவிடுவாரா என்பது தெரிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் ஐந்து கட்டைக் குழலைக் கொடுத்தால் விரல் எட்டாது. துளை முழுதாக மூடாமல் காற்று கசியும், ஓசை கீச்சிடும். பிள்ளை தனக்கு ஊத வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆறரைக் கட்டைபோல் சிறிய குழலில் தொடங்குங்கள். ஓசை சரியாக வராதபோது குழலை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையின் விரல் நுனிகளைத் திருப்பிப் பாருங்கள். நன்றாக மூடிய விரலில் துளையின் வட்டத் தடம் முழுதாகப் பதிந்திருக்கும்; கசிந்த விரலில் அது பிறைபோல் அரைகுறையாக இருக்கும். பெரும்பாலும் மோதிர விரலில்தான் இந்தக் குறை தெரியும். அந்தத் தடத்தைப் பிள்ளைக்கே காட்டிவிட்டால், அடுத்த வகுப்புக்குள் தானாகவே திருத்திக்கொண்டு வந்துவிடும். "சரியாக மூடு" என்று நூறு முறை சொல்வதால் இது நடப்பதில்லை. கழுத்தையும் கவனியுங்கள், குழலை உதட்டுக்குக் கொண்டுவராமல் தலையைக் குழலுக்குச் சாய்க்கும் பழக்கம் பின்னாளில் தோள்வலியாக முடியும்.

எட்டு மாணவர்களை ஒரே கூட்டமாக உட்கார வைக்காதீர்கள். இருவர் மூவராகப் பிரித்தால் கட்டணமும் சற்று உயர்த்திக் கேட்கலாம். ஆண்டுத் தேர்வு மாதங்களில் பிள்ளைகள் நின்றுவிடுவது இங்கே வழக்கம். மே மாத விடுமுறை வகுப்பைக் கொண்டு அதை ஓரளவு ஈடுகட்டலாம். வெளிநாட்டில் வாழும் நம்மூர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பும் எடுக்கலாம். ஜூம் போன்ற செயலிகள் குழலில் நீட்டி ஊதும் கார்வையை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடுவதால், இசைக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை இரு பக்கமும் இயக்கச் சொல்லுங்கள். ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் சேர்ந்து வாசிக்கவே முடியாது. நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி என்றுதான் நடத்த வேண்டும். ஊதுவதற்கான உதட்டு நிலையை மட்டும் திரையில் கற்பிக்க முயலாதீர்கள். அடிப்படை நேரில் கற்றவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வதே நேர்மை.

குழல்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாரல் காலத்தில் குற்றாலத்தில் தூறினாலும், திருநெல்வேலியில் வறண்ட காற்றுதான் வீசும். அந்தக் காற்றிலும் கோடை வெயிலிலும் மூங்கில் வெடிக்கும். உட்புறம் மெல்லியதாக எண்ணெய் தடவி, துணியுறையில் வைத்து, வண்டியின் பெட்டிக்குள் வெயிலில் விடாமல் காப்பாற்றுங்கள். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். குளிரூட்டிய மண்டபத்தில் சேர்த்த சுருதி திறந்தவெளிப் பிராகாரத்தில் நிற்காதது இதனால்தான். மேடைக்கு ஏறும் முன் சில நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே தம்பூராவோடு சுருதி சேருங்கள்.

சென்னைக்குக் குடிபெயர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சென்னையோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது. உங்கள் குருவிடம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நெல்லை எக்ஸ்பிரஸில் போய்ப் பாடம் கேட்டு வாருங்கள். மார்கழியில் சில நாள் தங்கி மற்ற குழல் கலைஞர்களைக் கேளுங்கள். கற்பிக்கிறவர் தாமே கற்பதை நிறுத்திவிட்டால், ஐந்து ஆண்டுகளில் மாணவர்களுக்குக் கொடுத்த அதே கிருதிகளைத்தான் மேடையிலும் வாசித்துக்கொண்டிருப்பார். நம் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் நாடெங்கும் புகழ்பெற்ற பிறகும் கோவில்பட்டியிலேயே வாழ்ந்தவர். அவருடைய நாதசுரப் பதிவுகளில் மூச்சை எங்கே எடுக்கிறார் என்று மட்டும் கவனித்துக் கேட்டாலே, குழல் வாசிப்பவருக்கு அது பெரிய பாடம்.

உறவினர்கள் அரசு வேலை பற்றிச் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளின் தொடக்கநிலை இசை ஆசிரியர் பணிக்கு இசையில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். உங்கள் பட்டயம் மட்டும் அதற்குப் போதாது. எனவே வகுப்பும் கச்சேரியும் நடக்கும்போதே பட்டத்தையும் முடித்துவைப்பது நல்லது. அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் கலாசாரத் துறை, இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை வழங்குகிறது. குருவிடம் ஐந்து ஆண்டுகளாவது கற்றிருக்க வேண்டும், வயது 18 முதல் 25-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 24 ஆகிவிட்டது. அறிவிப்பு வருகிறதா என்று இந்த வாரத்திலிருந்தே பார்த்துவாருங்கள். குருவிடமிருந்து பயிற்சிச் சான்றிதழையும் இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.