இறக்கத்துச் சிக்னலில் வழுக்கும் ஸ்கூட்டர்: கேபிளைக் கழற்றலாமா?

கேள்வி: குன்னூரிலிருந்து தினமும் ஊட்டிக்கு 110 சிசி ஸ்கூட்டரில் போய்வருகிறேன். இறக்கத்தில் உள்ள சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் இடது பிரேக் பிடித்தால், தூறல் நாளில் பின்சக்கரம் வழுக்குகிறது. முன், பின் பிரேக்குகளை இணைக்கும் சிபிஎஸ்தான் காரணம், அதன் கேபிளைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: கழற்றவே கழற்றாதீர்கள். இடது லிவரைப் பிடித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத சின்ன இருசக்கர வண்டிகளுக்கெல்லாம் சிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கினார்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. உங்கள் வண்டியில் முன்பக்கக் கேபிள் தொய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கலாம். அப்படியானால் பின்பிரேக் மட்டும்தான் வேலை செய்யும், வழுக்கத்தான் செய்யும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதைக் கையால் சுழற்றிவிட்டு, இடது லிவரை மெல்ல, முழுதுமாகப் பிடியுங்கள். சக்கரம் நிற்காமல் சுற்றினால் கேபிளை மாற்றி, அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். டிரம் பிரேக்கானால், லிவரை முழுதும் பிடித்தபடி, பிரேக் ஆர்மில் (கேபிள் இழுக்கும் சிறு கை) உள்ள அம்புக்குறி, டிரம் தட்டில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டதா பாருங்கள். தொட்டால், உள்ளே உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. ஓட்டும்போது இரண்டு லிவரையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள்.

அடுத்தது மஞ்சள். விதிப்படி மஞ்சளும் நிற்பதற்கே. பத்திரமாக நிறுத்த முடியாத அளவு கோட்டை நெருங்கிவிட்டால் மட்டும் கடக்கலாம். இந்த விலக்கைத்தான் எல்லோரும் தமக்குச் சாதகமாக நீட்டிக்கொள்கிறார்கள், அதனால் கணக்கைச் சொல்கிறேன். ஈரமான இறக்கத்தில் 30 கிமீ வேகத்தில் நிற்க, கை லிவருக்குப் போகும் நேரத்தையும் சேர்த்தால், சுமார் 24 மீட்டர் வேண்டும். மஞ்சள் பெரும்பாலும் 3 வினாடி. அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடுவீர்கள். எங்கிருந்தாலும் நிற்கலாம், அல்லது கடக்கலாம். 45 கிமீ என்றால் நிற்க 46 மீட்டர், கடக்கக் கிடைப்பதோ 37. நடுவில் மாட்டினால் நிற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது.

ஆகவே 30-ஐத் தாண்டாதீர்கள். ஒருநாள் நிறுத்தக் கோட்டிலிருந்து மேலேறி 35 எட்டு (சுமார் 24 மீட்டர்) நடந்து, அங்குள்ள கம்பத்தையோ மரத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே மஞ்சள் விழுந்தால் நில்லுங்கள். பிறகு விழுந்தால் அதே வேகத்தில் கடந்துவிடுங்கள், ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். இறக்கச் சிக்னலுக்கு மேலே ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்தால் இந்த வேலை உங்களுக்கு வராது. அதை வைக்க மாட்டார்கள். வெள்ளைக் கோட்டை மட்டும் தடிமனாகப் பூசுவார்கள். ஈரத்தில் அந்தப் பெயிண்ட் வழுக்கும், அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். கோட்டுக்கு முன், லாரிகள் நிற்கும் தடத்தின் நடுவில் எண்ணெய் சொட்டியிருக்கும். ஓரமாக, டயர்த் தடத்தில் நில்லுங்கள். பெட்ரோல் மிச்சமென்று எஞ்சினை அணைத்து இறங்குவது வேண்டவே வேண்டாம். எஞ்சின் தரும் தடை இல்லாமல் பிரேக் மட்டுமே வேலை செய்து, சூடேறிப் பிடிப்பே போய்விடும்.

டயர் மாற்றும்போதும் கவனம். தேய்ந்த டயரில் கத்தியால் கோடு வெட்டி, 'நல்ல செகண்ட்ஸ்' என்று பாதி விலைக்குத் தள்ளும் இடைத்தரகர்கள் மலையெங்கும் உண்டு. வெட்டிய இடத்தில் ரப்பர் மெலிந்து, உள்நூல் தெரியும் நிலைக்கு வந்துவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அந்த எண்ணைச் சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள்.