வருடத்தில் சில முறை மட்டுமே ஓடும் படகு டிரெய்லரின் சக்கரங்களுக்கு என்ன பராமரிப்பு தேவை?

டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கிறது, கோடையில் சில முறைதான் வெளியே எடுக்கிறேன், காற்று மட்டும் அடித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. குறைவாக ஓடுவதுதான் இதில் ஆபத்தே. கார் சக்கரம் தினமும் உருள்கிறது. படகு டிரெய்லர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. பிறகு ஒரு நாள் விடிகாலையில் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, அந்தச் சூட்டோடு உப்புத் தண்ணீரில் இறங்குகிறது.

நான் மெல்பேர்னில் இருக்கிறேன்; போர்ட் ஃபிலிப் விரிகுடாவிலும் வெஸ்டர்ன் போர்ட்டிலும் மீன் பிடிப்பவன். நீங்களும் கடலில்தான் படகை இறக்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏரி, ஆறு மட்டும் என்றால் துரு சற்று மெதுவாக வரும். செய்ய வேண்டிய வேலை அதேதான்.

டயரை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு நடுவில், சக்கரம் உருள உதவும் உருளைகளான பேரிங்குகளை உள்ளே வைத்திருக்கும் ஹப்பை யாரும் பார்ப்பதில்லை. நீண்ட ஓட்டத்தில் ஹப் சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிகிறது. அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, தண்ணீரைத் தடுக்கும் வளையமான பின்பக்க ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிரீஸில் உப்புநீர் கலந்துவிட்டால், அடுத்த பயணம் வரை டிரெய்லர் சும்மா நிற்கும் காலமெல்லாம் பேரிங் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் கேள்விக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நண்பர் ஒருவர் பழைய படகு ஒன்றை டிரெய்லரோடு வாங்கினார். லேக்ஸ் என்ட்ரன்ஸுக்குப் போகத் திட்டம். மெல்பேர்னிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன் ஹப்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் தம்பி, நானே வந்து செய்து தருகிறேன் என்றேன். "அண்ணா, போன வாரம்தான் சர்வீஸ் செய்தார்கள், பில் இருக்கிறது" என்றார். பில்லில் பேரிங் சர்வீஸ் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

வழியில் ட்ராரல்கன் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, வழக்கம்போல இறங்கி ஒவ்வொரு ஹப்பாகத் தொட்டுப் பார்த்தேன். வலதுபக்கம் இளஞ்சூடு. இடதுபக்கம் கையை வைக்க முடியவில்லை. சக்கரத்தின் உள்பக்கம் முழுவதும் கிரீஸ் தெறித்து, டயரின் பக்கவாட்டு வரை கோடு கோடாக ஓடியிருந்தது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, கழற்றினோம். வெளிப்பக்கப் பேரிங்கில் புத்தம்புது நீல கிரீஸ். உள்பக்கப் பேரிங்கில் இருந்ததோ பால் விட்ட காப்பி நிறத்தில் பழைய கிரீஸ்; துடைத்துப் பார்த்தால் உருளைகளில் குழி குழியாகத் துரு, சூட்டில் நீலம் பாய்ந்த உலோகம். அந்தப் பட்டறையில் ஹப்பைக் கழற்றவே இல்லை. மூடியில் இருந்த முனை வழியாக கிரீஸ் துப்பாக்கியால் அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அழுத்திய அழுத்தத்தில் பின்பக்க சீலும் பிதுங்கி வெளியே வந்திருந்தது.

ஆஸ்திரேலியாவில் இத்தகைய டிரெய்லர்களில் பெரும்பாலும் ஹோல்டன் வகை, ஃபோர்டு வகை என்று இரண்டு விதப் பேரிங்குகள்தான் வரும். எது என்று தெரியாமல் கடைக்குப் போனால் வீண் அலைச்சல். பேரிங்கின் விளிம்பைத் துடைத்தபோது எல் 68149 என்ற எண் இன்னும் படிக்கும்படி இருந்தது: ஃபோர்டு வகை. ஊரில் உதிரிபாகக் கடை திறந்திருந்தது. உள்ளே, வெளியே இரண்டு பேரிங்கும், அவற்றின் வெளிவளையங்களும், சீலும் புதிதாகப் போட்டுப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் பேரிங் இறுகி, ஹப்போடு சேர்ந்து சக்கரமே கழன்று பின்னால் வரும் காரின் மேல் விழுந்திருக்கும்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஹப்பைக் கழற்றி, பழைய பேரிங்கைக் கையில் கொடுத்துக் காட்டும் நல்லவர்களையும் அறிவேன். ஆனால் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கவனிக்க வேண்டும். சுழற்றிவிட்டுக் காது கொடுங்கள்; கரகரவென்று சத்தம் வந்தால் கழற்றத்தான் வேண்டும். சத்தம் இல்லாவிட்டாலும் வருடத்திற்கு ஒரு முறை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, தண்ணீரைத் தாங்கும் மெரைன் கிரீஸை உருளைகளின் இடுக்குகளில் கையாலேயே அழுத்தி நிரப்புங்கள். பழைய கிரீஸோடு வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள். சீலும், நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். அச்சின் நுனியில் இருக்கும் அந்த நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் விடுங்கள். பலர் இதைப் பலம்கொண்டு முறுக்கிப் புதுப் பேரிங்கையே எரித்துவிடுகிறார்கள்.

படகை இறக்கும் சாய்தளத்திற்குப் போனவுடன் தண்ணீரில் இறக்காதீர்கள். இருபது நிமிடமாவது ஹப் ஆறட்டும். அந்த நேரத்தில் ஒதுக்குப்புறமாக நின்று கட்டுகளை அவிழ்த்து, தூண்டில், ஐஸ் பெட்டி, உயிர்காப்பு அங்கி எல்லாவற்றையும் படகில் ஏற்றிவிடலாம். இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்நாப்பர் மீன் காலத்தில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். அப்போது சாய்தளத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு, அங்கேயே சாமான் ஏற்றுவதும், அங்கேயே வடிகால் அடைப்பானைத் தேடுவதும், பின்னால் நிற்பவர் கேட்டால் முறைப்பதும் எனக்குத் தாங்க முடியாத விஷயம். அத்தனை பேருடைய விடிகாலையும் அங்கே வீணாகிறது. புதிதாகப் படகு வாங்குபவர்களுக்கு விற்பவர்கள் முதலில் இந்தப் பண்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

திரும்பியதும் ஹப், பிரேக், ஸ்பிரிங், சக்கரத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் தாராளமாகக் கழுவுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் சரிபாருங்கள்.

இனி உங்கள் "புதிய" டயர். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்; அளவு டிரெய்லரில் ஒட்டிய தகட்டில் இருக்கும். காற்று குறைந்தால் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். படகு டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது, வெயிலில் நின்றே சாகிறது. அதனால் டயரின் பட்டையில் பள்ளங்கள் ஆழமாக இருப்பதைப் பார்த்து நம்பாதீர்கள். பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் ஆகியிருந்தால் பட்டை எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியிலும் அதே இலக்கங்களைப் பாருங்கள். காரில் இருக்கும் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்பதையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.