பர்காட்டன் ரெல்ம்ஸ் கதைகளில் மந்திர தேவி மிஸ்ட்ரா ஏன் திரும்பத் திரும்பச் சாகிறாள்?

விளையாட்டின் விதிப் புத்தகம் மாறுவதுதான் முக்கியக் காரணம். ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டுக்கான கற்பனை உலகமாக 1987இல் வெளிவந்ததுதான் பர்காட்டன் ரெல்ம்ஸ். நாவல்களும் அதே உலகில்தான் நடக்கின்றன. விதிகளின் புதிய பதிப்பில் மந்திரம் வேலை செய்யும் விதம் மாறினால், கதைக்குள்ளும் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே! மந்திரத்துக்கு ஆதாரமே மிஸ்ட்ரா என்பதால் அவள் தலைதான் உருளும்.

1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது தெய்வங்கள் ஏறக்குறைய எல்லாருமே பூமிக்குத் தள்ளப்பட்டார்கள். மிஸ்ட்ரா செத்தாள், மிட்நைட் என்ற மானிடப் பெண் அவள் இடத்துக்கு வந்தாள். அதைவிட எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. புதிய விதிகளில் 'கொலையாளி' என்ற பாத்திர வகையை எடுத்துவிட்டார்கள். சரி, இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பேன் என்ற தெய்வம் உலகிலுள்ள கொலையாளிகளின் உயிரையெல்லாம் உறிஞ்சித் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டதாம்!

அப்புறம் 2008இல் நான்காம் பதிப்பு. இம்முறை சிரிக் என்ற தெய்வத்தின் கையால் சாவு. கதையும் சுமார் நூறு ஆண்டு தாவியது. வாசகர்களுக்கு வருத்தம் தந்தது இந்தத் தாவல்தான். நாவல்களின் புகழ்பெற்ற நாயகன் டிரிஸ்ட் நீண்ட ஆயுளுள்ள எல்ஃப் இனத்தவன் என்பதால் தப்பித்தான், அவனுடைய மனித நண்பர்கள் தப்பவில்லை. மிஸ்ட்ராவோ ஐந்தாம் பதிப்புக்குள் திரும்பி வந்துவிட்டாள்.