சூடேறிய டீசல் ஏன் கறுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொட்பேயிலிருந்து தொழிலுக்குப் போகும் பலநாள் படகு எங்களுடையது. புறப்படும்போது டீசல் தெளிவாக இருக்கிறது. மூன்றாம் கிழமை திரும்பும்போது தாங்கியில் மிஞ்சுவது தேநீர்ச் சாயம்போல் கறுத்து, பில்டரும் அடைக்கிறது. கலப்படமா?

பதில்: கலப்படம் என்று முடிவுகட்ட முன் ரிட்டேன் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில விநாடிக்கு மேல் கை வைக்க முடியாவிட்டால் அது 60 பாகை செல்சியசுக்குக் கிட்ட இருக்கிறது. எஞ்சின் எரிப்பதைவிடக் கூடுதலான டீசலைப் பம்ப் இழுக்கும். மிச்சம் பம்பையும் இன்ஜெக்டரையும் குளிர்வித்துவிட்டுச் சூடாகத் தாங்கிக்கே திரும்பும். தாங்கி நிறைந்திருக்கும்போது அந்தச் சூடு தெரியாது. அடியில் கொஞ்சம் மட்டும் கிடக்கும்போது அதே டீசல்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வேகிறது.

சூட்டோடு ஒட்சிசனும் வேண்டும். காற்றுப்பட்ட எந்த எண்ணெயிலும் அது கரைந்தே கிடக்கிறது. ஐதரோகாபன் மூலக்கூறிலிருந்து ஓர் ஐதரசன் கழன்றால் மிஞ்சும் சுயாதீன மூலிகம் (சோடியில்லா இலத்திரனோடு நிற்கும் துண்டு) ஒட்சிசனைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தது பக்கத்து மூலக்கூறின் ஐதரசனைப் பறித்து ஐதரோபேரொட்சைட்டாகிறது. பறிகொடுத்தது அடுத்த மூலிகமாகி, இப்படியே சங்கிலியாகத் தொடர்கிறது. 10 பாகை ஏறினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். இதில் பிறக்கும் பொருட்கள் டீசலிலுள்ள கந்தக, நைதரசன் சேர்வைகளோடு கூடிப் பிசினாகின்றன. டீசலில் கரையாத பிசின் பில்டரில் நிற்கும். இன்ஜெக்டரின் நொசில் நுனியில் மண்ணிற வார்னிஷாகச் சுடப்பட்டுவிடும்.

பழைய பில்டரை அறுத்து, காகிதத்தில் ஒரு துண்டை நெருப்பில்லாத இடத்தில் தின்னரில் போடுங்கள். தின்னர் கோப்பி நிறமானால் பிசின். வழுவழுப்பான சவ்வு கரையாமல் மிதந்தால், தாங்கியின் அடித்தண்ணீரில் வளர்ந்த நுண்ணுயிர். அதற்குத் தண்ணீரை வடிப்பதுதான் முதல் வைத்தியம்.

பிசினென்றால் ரிட்டேன் குழாயில் கடல்நீரால் குளிரும் கூலர் ஒன்று பூட்டுங்கள். திரும்பும் டீசல், இழுவைக் குழாய்க்குப் பக்கத்தில் விழக்கூடாது. தாங்கியின் மற்றத் தொங்கலில் விழட்டும். கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். செம்புக் குழாயையும், நாகம் பூசிய தகரத் தாங்கியையும் கழற்றியே ஆகவேண்டும். கரைந்த செம்பு மிகச் சிறிதளவானாலும் ஐதரோபேரொட்சைட்டை உடைத்துப் புதுச் சங்கிலிகளைத் தொடக்கிவிடும். நாகம் டீசலிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து சவர்க்காரம்போலாகி நொசிலில் படியும். கூலருக்குச் செலவழித்துவிட்டுச் செம்புக் குழாயை விட்டுவைப்பது பாதி வேலைதான்.

கேள்வி: உயர்தர இரசாயனவியல் மாணவி, சீனக்குடா. வேகமாக ஒட்சியேறும் எரிபொருள்தானே அதிகம் படிய வேண்டும்?

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் விமான எரிபொருளில் பல வேளை நேர்மாறாக நடக்கிறது. ஐதரசனேற்றிச் சுத்திகரித்த எரிபொருள் விரைவாக ஒட்சிசனைத் தின்றுவிடும், படிவு சொற்பம். நன்றாகச் சுத்திகரிக்காததில் பீனோல்களும் கந்தகச் சேர்வைகளும் இருக்கும். அவை மூலிகங்களைப் பிடித்துச் சங்கிலியைத் தாமதப்படுத்துகின்றன. பிடித்த பிறகு தாமே ஒன்றோடொன்று இணைந்து படிவாகின்றன. காத்தவையே கறையாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றோடு சமநிலையிலுள்ள ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 60–70 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். படிவுக்கு அதுவே போதும். அது தீர்ந்த பின் படிவும் ஓய்கிறது. 450 பாகைக்கு மேல் மூலக்கூறே வெப்பத்தில் உடைந்து கரியாவது வேறு கதை. படிவுக்கு ஒட்சிசன் வேண்டும் என்பதால்தான் ஆய்வுகூடத்தில் நைதரசன் குமிழிட்டு ஒட்சிசனை விரட்டிய எரிபொருள், அதே சூட்டில் மிகக் குறைவாகப் படிகிறது. விமான எரிபொருளுக்கான தரச் சோதனையில் 260 பாகைக்குச் சூடாக்கிய அலுமினியக் குழாயின் மேலாக, நிமிடத்துக்கு 3 மில்லிலீற்றர் வீதம் இரண்டரை மணித்தியாலம் எரிபொருளை ஓடவிட்டு, குழாயில் ஏறிய நிறத்தையும் பில்டரில் ஏறிய அழுத்த வித்தியாசத்தையும் பார்க்கிறார்கள்.

கேள்வி: திருக்கடலூர். வெள்ளைக் கானில் வெயிலில் இருந்த மண்ணெண்ணெய் மஞ்சளாகிவிட்டது. போட் எஞ்சினுக்கு விடலாமா?

பதில்: புளித்த காரவாடை வந்தால் விடவேண்டாம், எஞ்சின் சாமான் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் இதே சங்கிலியைத் தொடக்கும். இனி நிழலில், வாய்க்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பி, இறுக மூடி வையுங்கள். வாடைக் காலத்துக்கு எஞ்சினைக் கழற்றி வைப்பதென்றால், காபரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திறந்து மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவானாலும் ஒட்ட வடித்துவிடுங்கள். பெற்றோல் ஆவியாகப் போனாலும் அதன் பிசின் மெயின் ஜெட் ஓட்டையிலேயே தங்கிவிடும்.