வேலையை விடலாமா, ஐயா? ஓர் ஆயரின் கேள்வி பதில்

வேலை மாற்றம், குடும்பம், விசுவாசம் இந்த மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குறுவை நாற்று விடும் நேரத்திலும் இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் தனியார் கம்பெனியில் கணக்கர். முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது, அடுத்த மாதம் ராஜினாமா என்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. நான் தயங்கினால் விசுவாசம் இல்லை என்கிறார். நான் தடையாக இருக்கிறேனா ஐயா?

இல்லையம்மா. தேவன் அவரை அழைத்தால் அந்த வீட்டையும் சேர்த்துத்தான் அழைப்பார். மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத அழைப்பை நான் அவசரப்பட்டு நம்ப மாட்டேன்.

கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே பிரசங்கித்தார். கைத்தொழிலால் அவர் ஊழியம் குறைந்துபோகவில்லை. நம் தரங்கம்பாடியிலேயே பாருங்கள். 1733-ல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் என்ற தமிழர் அதற்கு முன் உபதேசியாராக, அதாவது பட்டம் பெறாத சபைப் போதகராக, வேலை பார்த்தவர். முதலில் ஊழியம் செய்து காட்டினார், பட்டம் பிறகு வந்தது. உங்கள் கணவரும் வேலையில் இருந்தபடியே மாலையில் சபைக்கு உழைக்கட்டும். ஒரு வருஷம் போனால் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், சபைக்கும் தெரியும்.

இதே நிலையில் ஒரு தம்பதியர் குருமனைக்கு வந்தார்கள். மகளின் பழைய கட்டுரை நோட்டில் வீட்டுச் செலவை அந்தம்மா எழுதி வைத்திருந்தார்: வாடகை, பால், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, நகைக்கடன் வட்டி. அந்த வட்டி வரியைக் கணவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. வெகுநேரம் பேசவில்லை. அன்றைக்கு நாங்கள் செய்த ஜெபம்தான் உண்மையான ஜெபம்.

அப்புறம் இன்னொன்று. 5 வருஷம் முடித்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 10 வருஷ சேவை நிறைவதற்குள் பி.எஃப்.-ல் உள்ள பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால், பிற்காலத்தில் மாதாமாதம் வரவேண்டிய பென்ஷன் போய்விடும். தேதிகளைப் பார்க்காமல் கடிதம் கொடுக்க வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி: துபாயில் வேலை. முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். எனக்காக ஜெபியுங்கள்.

ஜெபிக்கிறேன். ஆனால் தம்பி, அப்படிப் போகாதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவான ஏஜென்ட்தானா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். வேலை விசாவும் ஒப்பந்தமும் கையில் வந்தபின் கிளம்புங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அம்மாவிடம் இருக்கட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரர்: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. இயேசு கூப்பிட்டதும் பேதுரு வலையை உடனே விட்டுவிட்டுப் போனார். நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தாரா?

மாற்கு முதல் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். வலையை விட்ட பேதுருவின் வீட்டுக்கு இயேசுவே போகிறார். காய்ச்சலில் கிடந்த மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்கி விடுகிறார். பின்னாளில் பேதுரு மனைவியை உடன் அழைத்துக்கொண்டுதான் பயணம் செய்தார் என்று 1 கொரிந்தியர் 9-ல் இருக்கிறது. வலையை விட்டார், வீட்டை அநாதையாக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து இன்னொருவர்: தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகளை வெறுக்காதவன் சீஷன் அல்ல என்று கர்த்தரே சொல்லியிருக்கிறாரே?

லூக்கா 14:26. சரி, அங்கிருந்து இரண்டே வசனம் தள்ளி என்ன இருக்கிறது? கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று அதே வாய்தான் கேட்கிறது. கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன், என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது மாற்கு 7-ல் உண்டு. தேவன் பேரைச் சொல்லி வீட்டுக்காரியின் வாயை அடைப்பதை நான் விசுவாசம் என்று சொல்ல மாட்டேன்.

இதைப் பற்றியே மேலும் பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் பதில் இதுதான்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி: கஜா புயலில் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. மறுபடி நட்டு, இப்போதுதான் காய்க்கிறது. மகன் தோப்பு வேண்டாம், சிங்கப்பூர் போகிறேன் என்கிறான். கர்த்தர் தந்த பூமியை விடலாமா?

ஐயா, 2018 நவம்பர் 16 விடியலில் அந்தப் பக்கம் எத்தனை தோப்புகள் படுத்தன என்பதை நாமெல்லாம் பார்த்தோம். நெட்டைத் தென்னை காய்க்க 5 முதல் 7 வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் குடம் தூக்கிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் உங்கள் மகனும் ஒருவன்தானே? அவன் மண்ணை வெறுத்துப் போகவில்லை. ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும் என்பதைப் பள்ளிக்கூட வயதில் பார்த்துவிட்டான், அந்தப் பயம் அவனுக்குள் இருக்கிறது. ராஜாவே கேட்டும் நாபோத் தகப்பன்வழித் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்தான், ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பினான். வேதம் இருவரையும் குறை சொல்லவில்லை. அவனை ஆசீர்வதித்து அனுப்புங்கள். ஏஜென்ட் பணத்துக்காகத் தோப்பை மட்டும் அடகு வைக்காதீர்கள். அந்தக் கடன் அவன் அங்கே எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் கட்டிப்போடும்.

மன்னார்குடி: விசிட் விசாவில் மலேசியா போகலாமா?

கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

திருவாரூர்: புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "போ" என்று வந்தது. வேலையை விட்டுவிடலாமா?

அட்டையை வைத்து வேலையை விடாதீர்கள். வீட்டில் பேசுங்கள்.

மன்னார்குடி, வேறொருவர்: டூரிஸ்ட் விசா என்றால்?

அதுவும் கூடாது.

சீர்காழியிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்: காலை எழுந்தால் போக இடம் இல்லை. ஜெபிக்கவும் மனம் வரவில்லை.

சார், எண்ணாகமம் 8-ல், ஆராதனை ஊழியம் செய்த லேவியர் 50 வயதில் ஆசரிப்புக் கூடார வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. சகோதரரோடு கூடவே இருந்து உதவலாம் என்று இருக்கிறது. சுமை தூக்குவது மட்டும்தான் நின்றது. ஜெபம் வராத நாளில் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், அது போதும். இந்த வாரமே உங்கள் ஆயரைப் போய்ப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர எந்தச் சபையிலும் ஆள் தேவைப்படும்.