வீட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி, மேஸ்திரி பதில்

கேள்வி: வீடு கட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. 10க்கு 12 அடி மாடி அறையில் நடந்தால் பல இடங்களில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கிறது. கழுவிவிட்டால் ஜன்னல் ஓரம் தண்ணீர் தேங்குகிறது. வெள்ளையடிக்கும்போதே தரையையும் சரிசெய்ய நினைக்கிறோம். பழைய டைல்ஸ் மேலேயே இரண்டு அங்குலக் கலவை போட்டு, புது டைல்ஸ் பதித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். சம்மதிக்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சம்மதிக்காதீர்கள் அம்மா. அது புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை. 120 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கலவை என்றால் எடை ஒரு டன்னைத் தாண்டும். டைல்ஸ் எடை தனி. தரைத்தளம் என்றால் மண் தாங்கிக்கொள்ளும். மாடியில் அத்தனையையும் காங்கிரீட் அல்லவா சுமக்க வேண்டும்? கதவின் அடியையும் அறுக்க வேண்டிவரும். அதை எந்த ஒப்பந்தக்காரரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சத்தம் வேறு, மேடுபள்ளம் வேறு. சத்தத்துக்குக் காரணம் அடியில் இருக்கும் பொள்ளல். சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். காலிப்பானை போல ஒலிப்பதில் சாக்பீஸால் குறி போடுங்கள். கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதனால் வெறும் சிமென்ட் பாலை நம்பிப் பதித்தால் பிடிப்பு விட்டுப்போகும். நான் பெயர்த்த எத்தனையோ டைல்ஸின் முதுகில் ஒரு பொட்டுச் சிமென்ட் இருந்ததில்லை. சூளையில் ஒட்டிய வெள்ளைப் பொடிகூட அப்படியே இருந்தது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைக்க அவ்வளவு சோம்பல்!

மேடுபள்ளத்தை அளக்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூப் போதும்; அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, எதிரெதிர்க் கோடுகளுக்கிடையே நூல் கட்டித் தரைவரை அளந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் பெரும்பாலும் பதித்தவரின் கைக்கோளாறு. அறையின் நடுப்பகுதி தாழ்ந்து, கீழ்வீட்டுக் கூரையிலும் விரிசல் தெரிந்தால் என்னைக் கேட்காதீர்கள். கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அந்தத் தொல்லை இல்லையென்றால், பழைய டைல்ஸையும் கலவையையும் உளியால் கொத்தி எடுத்துவிடுங்கள். மாடியில் உடைப்பு இயந்திரம் வேண்டாம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் புதிதாக மட்டம் போட்டு, ஒரு வாரம் நனைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு டைல்ஸ் பசையைப் பல் கரண்டியால் (விளிம்பில் பல் பல்லாக வெட்டிய கரண்டி) தரை முழுக்க இழுக்க வேண்டும். மூலைக்கு ஓர் உருண்டை, நடுவில் ஓர் உருண்டை என்று வைப்பவரை அங்கேயே நிறுத்துங்கள். உருண்டைகளுக்கு நடுவே இருப்பது காற்றுதான். டைல்ஸுக்கு இடையே 2 மில்லிமீட்டரும் சுவரோரம் 6 மில்லிமீட்டரும் இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரோர இடைவெளியைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும். இடமே விடாமல் நெருக்கிப் பதித்தால், வெயில் காலத்தில் டைல்ஸ் விரிந்து கூடாரம் போலக் கிளம்பும்.

முதல் டைல்ஸைப் பதித்தவுடன் திரும்பத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் அடுத்ததைப் பதிக்கட்டும்.