ப்ளைவுட்டில் சிஎன்சி நிற்குமா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் சின்னதாகப் பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறேன். த்ரீடி பிரின்டர் ஒன்று கையில் இருக்கிறது. 600க்கு 400 மி.மீ. வெட்டும் பரப்போடு கணினி சொல்லும் வழியில் செதுக்கும் ஒரு சிஎன்சி மெஷினை ப்ளைவுட்டிலும், பிரின்ட் செய்த பாகங்களிலும் நானே கட்ட ஆசை. மரம், அக்ரிலிக் வெட்டினால் போதும். முடிந்தால் கொஞ்சம் அலுமினியம். 30,000 ரூபாய்க்குள் முடியுமா? மரம் தாங்காது, பிரின்ட் பாகமாவது தாங்கும் என்கிறார் நண்பர். டிராயர் சேனலை ரெயிலாகப் போடலாமா?

பதில்: முடியும், மெஷினும் நிற்கும். ஆனால் உங்கள் நண்பர் சொன்னது நேர்மாறு. இதில் பயப்பட வேண்டியது பிளாஸ்டிக்கைப் பார்த்துத்தான், மரத்தைப் பார்த்து அல்ல.

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதற்கு ஓர் எண் உண்டு. எஃகுக்கு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. நல்ல ப்ளைவுட் 7 முதல் 10 வரை வரும். நாம் பிரின்ட் எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 3ஐ ஒட்டித்தான் நிற்கும், அதுவும் உள்ளே காலி இல்லாமல் முழுக்க நிரப்பினால்தான். பாதி காலியாக அடித்தால் இன்னும் குறையும். ஆக, மரம் பிளாஸ்டிக்கைவிட இரண்டு மூன்று மடங்கு விறைப்பானது.

இன்னொன்று: ஒரு பலகை வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் 18 மி.மீ. ப்ளைவுட், வளைவைப் பொறுத்தவரை 9 மி.மீ. அலுமினியத் தகட்டுக்கு ஏறக்குறைய சமம். விலையிலோ மரம் வெகு மலிவு. மரத்தில் மெஷின் கட்டித் தோற்றவர்கள் பெரும்பாலும் மரத்தால் தோற்கவில்லை. மெல்லிய பலகை, திறந்த வடிவம், லொடலொடக்கும் ரெயில் இவற்றால்தான் தோற்றார்கள்.

முதலில் டிராயர் சேனலை மறந்துவிடுங்கள். அது மேசை இழுப்பறைக்குச் செய்தது. கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் அப்படியே வெட்டும் பிட்டின் முனைக்கு வந்து, நீங்கள் செதுக்கும் எழுத்தின் விளிம்பில் பல் பல்லாக நிற்கும். பேனா வைத்துப் படம் வரையும் மெஷினுக்குச் சரி, மரம் வெட்ட வேண்டாம்.

அடுத்தது இரு முனையில் மட்டும் தாங்கிய 8 மி.மீ. கம்பி. த்ரீடி பிரின்டர் பாகம் விற்கும் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதால் எல்லோரும் இதில்தான் கை வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு 8 மி.மீ. எஃகுக் கம்பிகள், தாங்கும் முனைகளுக்கு இடையே 600 மி.மீ., நடுவில் 2 கிலோ எடையுள்ள ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுழற்றும் மோட்டார். முனைகள் சும்மா தாங்கியிருப்பதாக வைத்தால் நடுவில் 1 மி.மீ.க்கு மேல் தொய்யும். பிட் இன்னும் மரத்தைத் தொடவே இல்லை, வெறும் எடைக்கே இந்தத் தொய்வு! கம்பியின் விட்டம் நான்காம் அடுக்கில் வேலை செய்வதால், அதே கம்பி 16 மி.மீ. ஆனால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகி 0.07 மி.மீ.க்கு வந்துவிடும். அடியில் முழு நீளமும் அலுமினியத் தாங்கி உள்ள எஸ்பிஆர்16 ரெயில் வாங்கி, அதைப் பலகையோடு போல்ட் போட்டால் தொய்வுப் பேச்சு கிட்டத்தட்ட அடங்கிவிடும். உங்கள் 30,000இல் மூன்றில் ஒரு பங்கை ரெயிலுக்கும் அதன் பிளாக்குகளுக்கும் ஒதுக்குங்கள். மற்ற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ரெயிலை மாற்றுவதென்றால் மெஷினையே பிரிக்க வேண்டும்.

அளவிலும் ஒரு மாற்றம் சொல்கிறேன். நீளவாக்கில் நகரும் ஒய் அச்சின் ரெயில்கள் அடிப்பலகைமேல் படுத்திருப்பவை. அங்கே நீளம் கூடினால் விறைப்பு பெரிதாகக் குறையாது. குறுக்கே பாலம்போல் நிற்கும் கேன்ட்ரியில்தான் ஒவ்வொரு சென்டிமீட்டரும் செலவு, ஏனென்றால் வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. ஆகவே 600ஐ நீளவாக்கில் வையுங்கள், 400ஐக் குறுக்கே. அந்த 400ஐயும் 350 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் திறந்தே இருக்கட்டும். நாளைக்கு நாலடிப் பலகைக்கு ஆர்டர் வந்தால், பாதியைச் செதுக்கி, நகர்த்தி, மீதியைச் செதுக்கலாம்.

கேன்ட்ரி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், மர மெஷினின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒற்றைப் பலகையை நிறுத்தி வைத்து அதில் ரெயிலைப் போடுவதுதான் பலர் செய்யும் வேலை. அது வளைவைத் தாங்கினாலும் முறுக்கைத் தாங்காது. ஸ்பிண்டில் பலகைக்கு முன்னால் தொங்குகிறது, பிட் ரெயிலுக்குக் கீழே இருக்கிறது. வெட்டும்போது வரும் விசை கேன்ட்ரியை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கும். வீட்டில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தால் மூடியைக் கழற்றி இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அப்புறம் மூடியைப் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அட்டை அதேதான், ஆனால் அசையாது. கேன்ட்ரியும் நாலு பக்கமும் மூடிய பெட்டியாக, உள்ளே 80, 100 மி.மீ.க்கு ஒரு குறுக்குத் தடுப்போடு இருக்க வேண்டும். முழுக்க மரப்பசை தடவி, திருகு போட்டு, கிளாம்ப் பிடித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். இங்கே பிடிப்பது பசைதான். திருகு பசை காயும்வரை துணைக்கு நிற்கிறது.

கழற்ற வேண்டிய இணைப்புகளில் ப்ளைவுட்டின் விளிம்புக்குள் நேராகத் திருகு ஏற்றாதீர்கள். அடுக்குகள் பிளந்துகொள்ளும், நாலு மாதத்தில் தளரும். பலகைக்குள் குறுக்கே உருளை நட்டு ஒன்றைப் புதைத்து, விளிம்பு வழியாக நீள போல்டை அதில் முறுக்குவது நல்ல வழி. கட்டில், மேசைகளைக் கழற்றிப் பூட்டும்படி செய்வது இந்த முறையில்தான், உங்கள் ஊர் ஆசாரியிடம் கேட்டாலே காட்டுவார்.

கேன்ட்ரியின் கால்களைக் குட்டையாக வையுங்கள். பெயர்ப்பலகை வேலைக்கு மேசைக்கும் கேன்ட்ரிக்கும் நடுவே 70 மி.மீ. இடைவெளி தாராளம். உயரம் கூடக் கூட பிட் முனையின் விசை அதிக நெம்புகோலோடு கேன்ட்ரியைத் தள்ளும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சட்டத்துக்கு மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரம் பட்டால் உப்பும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். கடையில் ஒரு பலகையைத் தரையில் படுக்கவைத்து, வளைசல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அறுத்து, துளையெல்லாம் போட்டு முடித்த பிறகு, விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் சீலரும் வார்னிஷும் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை கோணிவிடும்.

சரி, பிரின்டருக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. சுழன்று அச்சை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவின் நட்டைப் பிடிக்கும் பிளாக், பேரிங் வீடு, அச்சு ஓரத்தை எட்டியதும் சொல்லும் லிமிட் சுவிட்சின் தாங்கி, வயர் தாங்கும் சங்கிலி, தூசி உறிஞ்சும் குழாய்க்கான மூக்கு, துளை போட உதவும் வழிகாட்டி அச்சு. வினோதமான வடிவமும் குறைந்த விசையும் உள்ள இடமெல்லாம் பிரின்டருக்குச் சொந்தம். கேன்ட்ரியின் பக்கத் தட்டு, ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் போகும் இசட் தட்டு இரண்டும் மரத்துக்கு. மோட்டார் தாங்கியை மட்டும் பிஎல்ஏயில் அடிக்காதீர்கள். பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். சிறு சிறு ஸ்டெப்பாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். போதாக்குறைக்கு, இறுக்கிய போல்டின் அழுத்தத்தில் பிஎல்ஏ மெல்ல மெல்ல நழுவி வடிவம் மாறும். நான் முதலில் கட்டிய மெஷினில் ஒரு மோட்டார் இப்படித்தான் சாய்ந்து, இரண்டு நாள் காரணம் தெரியாமல் தவித்தேன். 80 டிகிரிவரை நிற்கும் பெட்ஜி பிளாஸ்டிக் போடுங்கள். உள்நிரப்பைக் கூட்டுவதைவிடச் சுவர்களைக் கூட்டுங்கள், ஐந்து ஆறு சுற்று. விசை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் வராதபடி படுக்கவைத்து அடியுங்கள். போல்டுக்கு அடியில் அகலமான வாஷர் கட்டாயம்.

பெரும்பாலும் பிரின்ட் பாகங்களாலேயே கட்டும் எம்பிசிஎன்சி என்ற வடிவமைப்பு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், வி1 எஞ்சினியரிங் வெளியிட்ட நல்ல வடிவமைப்பு அது. ஆனால் அதில் பாரத்தைச் சுமப்பவை உலோகக் குழாய்கள். பிளாஸ்டிக், குழாய்களைச் சந்திகளில் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரின்ட்என்சியிலும் முதுகெலும்பு எஃகுக் குழாய்தான்.

மோட்டாருக்கு நீமா 17 அளவு ஸ்டெப்பர் நான்கு போதும்: குறுக்கே நகரும் எக்ஸுக்கு ஒன்று, இசட்டுக்கு ஒன்று, ஒய்க்கு இருபுறமும் ஒவ்வொன்று. ஒய்யில் ஒரே மோட்டாரை ஓரத்தில் வைத்தால் மறுபுறம் பின்தங்கிக் கேன்ட்ரி கோணும். எக்ஸுக்கும் ஒய்க்கும், ஒரு சுற்றில் 8 மி.மீ. நகரும் டி8 லீட் ஸ்க்ரூ. இசட்டுக்கு ஒரு சுற்றில் 2 மி.மீ. நகருவதை வாங்குங்கள். 8 மி.மீ. வகையை அங்கே போட்டால் கரண்ட் போனதும் ஸ்பிண்டில் தன் எடையிலேயே இறங்கிவிடலாம், 2 மி.மீ. வகை பூட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றிலும் நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு போடுங்கள், முன்னும் பின்னும் போகும் ஆட்டத்தை அது எடுத்துவிடும். ஸ்க்ரூவின் தள்ளுவிசையை மோட்டாரும், அதை ஸ்க்ரூவோடு இணைக்கும் சுருள் கப்ளிங்கும் தாங்கக்கூடாது. ஸ்க்ரூ முனையைப் பேரிங்கில் இரு பக்கமும் காலர் என்ற இறுக்கும் வளையம் போட்டுப் பூட்டுங்கள்.

மூளைக்கு ஆர்டுய்னோ யூனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, அதன்மேல் சிஎன்சி ஷீல்டு, மோட்டார்களை ஓட்டும் டிஆர்வி8825 டிரைவர் நான்கு, 24 வோல்ட் பவர் சப்ளை. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் ஜிஆர்பிஎல். மோட்டாரின் ஒவ்வொரு ஸ்டெப்பையும் பதினாறாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பில், 8 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 400 மைக்ரோஸ்டெப், 2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1600. மெஷின் ஓடியபின் 300 மி.மீ. நகரச் சொல்லி அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் உடனே அந்த எண்ணைத் திருத்தாதீர்கள். லீட் ஸ்க்ரூ அவ்வளவு தப்பாகாது. எங்கோ கப்ளிங் வழுக்குகிறது, அல்லது மோட்டார் ஸ்டெப் தவறுகிறது. காரணத்தைத் தேடுங்கள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும், இதை மட்டும் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஸ்பிண்டிலுக்கு, வேகம் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சின்ன டிரிம் ரவுட்டர் (கையில் பிடித்து மரம் செதுக்கும் கருவி) உங்கள் பட்ஜெட்டுக்குப் பொருத்தம். சத்தம் அதிகம்தான். அதைப் பிடிக்கும் கிளாம்பை ப்ளைவுட்டிலேயே இரண்டு அடுக்காகச் செய்துகொள்ளலாம்.

பூட்டும்போது ஒரு பக்க ஒய் ரெயிலை நேர்கோல் வைத்து முழுக்க இறுக்குங்கள். மறுபக்கத்தைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு போல்டாக இறுக்குங்கள். மூலை பார்க்க ஆசாரிகளின் கணக்கே போதும்: ஒரு பக்கம் 300, மறுபக்கம் 400, குறுக்கே 500. கடைசியாக, மேசைமேல் 12 மி.மீ. எம்டிஎஃப் ஒன்றை, பிட் பட்டாலும் பரவாயில்லாத பலிப்பலகையாகத் திருகி, மெஷினைக் கொண்டே அதன் மேற்பரப்பைச் சீவச் சொல்லுங்கள். மர மேசையில் இருக்கும் ஏற்ற இறக்கம் அதோடு தீர்ந்தது. இந்தப் பலகையும் மழைக்காலத்தில் உப்பும், மறுபடி சீவிக்கொள்ளலாம்.

வெட்டும் வேகத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, பயந்து மெதுவாக ஓட்டுவது. பிட் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் மரம் கருகும், பிட் மழுங்கும். 10,000 சுற்று, இரு வெட்டு முனை, முனைக்கு 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. இந்த வேகத்தை வைத்துக்கொண்டு ஆழத்தைக் குறையுங்கள். 3 மி.மீ. பிட்டுக்கு முதலில் 1 மி.மீ. ஆழம். அக்ரிலிக்குக்கு ஒற்றை முனை பிட், வார்த்தெடுத்த ரகத் தகடு. மற்றது உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். அலுமினியமும் வெட்டலாம், 0.2 மி.மீ. ஆழத்தில், ஒற்றை முனை பிட்டில், பொறுமையாக. அதைத் தினசரித் தொழிலாக வைத்துக்கொள்ள இந்த மெஷின் இல்லை. மசகுக்கென்று மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, இங்கே கூடாது. ரவுட்டரின் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும், கீழே மரமும் மரத்தூளும் இருக்கிறது.

பாதுகாப்பில் மூன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ரவுட்டரையும் மோட்டார்களையும் ஒருசேர அணைக்கும் பெரிய சிவப்பு பட்டன், கை எட்டும் இடத்தில். கண்ணாடி, ஏனென்றால் உடைந்த பிட் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. மூக்குக்கு என்95. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எம்டிஎஃப் தூசி இன்னும் நுண்மையானது. கடையிலேயே மெஷினை வைப்பதானால் தூசி உறிஞ்சியையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

முதல் வேலையாக எழுத்து எதுவும் செதுக்க வேண்டாம். 12 மி.மீ. ப்ளைவுட்டில் 200 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 282.8க்கு அரை மில்லிமீட்டருக்குள் நின்றால் பெயர்ப்பலகை ஆர்டர் எடுக்கலாம். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் கேன்ட்ரி கோணலாக நிற்கிறது; ஒய் மோட்டார்களில் ஒன்றின் கப்ளிங்கைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்குங்கள்.